ட்ராம் ஓடாத நாளில் சைக்கிள்

1

இன்றைக்கு எங்கள் நகரத்தில் ட்ராம் ஓடவில்லை. பஸ்ஸும் இல்லை. சம்பளம் கூட்டச் சொல்லி ஓட்டுநர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். நான் துப்புரவு வேலை செய்யும் பாடசாலைக்குப் போன் எடுத்து, வர வழியில்லை என்று சொன்னேன். "தெரியும், வீட்டில் இருங்கள்" என்றார்கள். சும்மா கிடைத்த காலை. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரில் இருந்து போன் எடுக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அங்கை எல்லாரும் காரிலைதானே திரிவினம்?" என்று. இவ்வளவு காலம் ஜெர்மனியில் இருந்தும் எங்கள் வீட்டில் கார் இல்லை என்றால் நம்பமாட்டார்கள். ஒளிக்கிறோம் என்று நினைப்பார்கள். உண்மையில் பீலெஃபெல்ட் போன்ற நடுத்தர நகரத்தில் கார் இல்லாமல் நன்றாகவே வாழலாம். நாங்கள் இருக்கும் பிராக்வேடே நகரத்தின் தெற்குப் பக்கம். வாசலால் இறங்கி இரண்டு தெரு நடந்தால் ட்ராம். மலைகளுக்கிடையில் உள்ள பெரிய தெருவால் ஓடி, நடு நகரம் வந்ததும் நிலத்துக்கு அடியில் இறங்கிவிடும். ட்ராம் போகாத இடத்துக்கு பஸ் போகும். பஸ் போகாத இடத்துக்கு எங்கள் ஆட்கள் வீடு எடுக்க மாட்டார்கள்.

வந்த புதிதில் இந்த ட்ராமோடு நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். கதவு தானாகத் திறக்கும் என்று அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பொத்தானை அமத்த வேண்டும் என்று யார் சொன்னது? என் தரிப்பிடம் வந்தது, போனது. அடுத்ததும் அப்படியே போனது. கடைசித் தரிப்பிடத்தில் எல்லோரும் இறங்கியபோது நானும் இறங்கி, வந்த வழியே நடந்து வந்தேன்.

பழகிய பிறகும் ஒரு பயம் போகவில்லை. இங்கே கண்டக்டர் இல்லை. ஏறுகிறவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் திடீரென்று, சாதாரண உடுப்புப் போட்டுக்கொண்டு பயணிபோல இருந்த ஒருவர் எழும்பி அட்டையைக் காட்டுவார். "டிக்கெட் ப்ளீஸ்" என்பார். என்னிடம் மாதச் சீட்டு இருக்கிறது. என்றாலும் அந்தக் குரலைக் கேட்டதும் சீட்டை வீட்டில் விட்டுவிட்டேனோ என்று தோன்றும். அதனால் ஏறியதிலிருந்து இறங்கும் வரை சீட்டைக் கையில் நீட்டிப் பிடித்தபடிதான் இருப்பேன். என் மகள் பிருந்தாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. "அம்மா, உள்ளுக்கை வையுங்கோ. எல்லாரும் பாக்கினம்" என்பாள். வைக்கமாட்டேன். பதின்மூன்று வயதுக்குப் பிறகு அவள் எங்களோடு ட்ராமில் ஏறினால் நாலு இருக்கை தள்ளிப் போய், எங்களைத் தெரியாத பிள்ளைபோல யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினாள்.

போன வருடமும் இதேபோல ஒருநாள் ட்ராம் ஓடவில்லை. அந்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2

அதற்கு முன்னால் எங்கள் நிலைமையைச் சொல்லவேண்டும்.

நாங்கள் அகதி அந்தஸ்துக் கேட்டு வந்தவர்கள். கேட்டது கிடைக்கவில்லை. "பொதுவான நிலைமை மோசம் என்பது தெரியும். ஆனால் உங்களுக்கென்று தனிப்பட்ட முறையில் ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். திருப்பி அனுப்பவும் இல்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. டுல்டுங் என்று ஒரு தாள் தந்தார்கள். குறுக்கே சிவப்புக் கோடு போட்ட தாள். உன்னை அனுப்புவதைக் கொஞ்சநாள் தள்ளிவைத்திருக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். சில மாதத்துக்கு ஒருமுறை போய்ப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசியோ என்று நினைத்துக்கொண்டு போவோம். பிருந்தாவின் வகுப்பு இங்கிலாந்துக்குச் சுற்றுலா போனபோது அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். அந்தத் தாளோடு எல்லை தாண்ட முடியாது. அவள் அழவில்லை. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு புதுச் சட்டம் வந்தது. நீண்ட காலம் இப்படித் தொங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, வேலை இருந்தால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால், வழக்கு ஒன்றும் இல்லையென்றால், அதிகாரிகளை ஏமாற்றவில்லையென்றால், ஓரளவு ஜெர்மன் பேசினால், நிரந்தரமாக இருக்க அனுமதி தருவார்களாம். எங்களிடம் வேலை இருந்தது. வழக்கு இல்லை. பேச்சுத்தான் பிரச்சினை. என் வீட்டுக்காரர் ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்துக்குள் போட்டு எடுப்பார். அந்த இரைச்சலுக்குள் யாரோடு ஜெர்மன் பேசுவது? தமிழிலேயே அளந்து பேசுகிற மனிதர் அவர்.

நகரசபைக் கட்டடத்தில் உள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்களுக்கு டெர்மின் தந்தார்கள். எந்த அலுவல் என்றாலும் குறித்துத் தரும் நேரத்துக்கு இங்கே அதுதான் பெயர். மூன்று பேரும் நேரில் வரவேண்டும். காலை எட்டு மணி. எங்கள் சிவப்புக் கோட்டுத் தாளும் அன்றைக்குத்தான் முடிகிறது. அந்தச் சட்டத்துக்கு விண்ணப்பிக்கும் காலமும் முடிய வந்துவிட்டது. இந்த டெர்மினைத் தவறவிட்டால் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டால் தெரிந்தவர்கள் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

3

அன்று காலை ஏழு மணிக்கே வெளிக்கிட்டுவிட்டோம். நான் நல்ல கோட்டுப் போட்டிருந்தேன். இவர் கல்யாணத்துக்குப் போகிறவர்போல சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டிருந்தார். பிருந்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். முதல்நாள் பின்னேரம் தகப்பனுக்கும் மகளுக்கும் பெரிய சண்டை. அவள் காதில் பாட்டுக் கேட்கிற வயரை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்ததை இவர் கண்டுவிட்டார். அந்த விஷயத்தில் மட்டும் இவர் வேறு மனிதராகிவிடுவார். அன்றைக்கு வாசலிலேயே வயரை இழுத்துப் பிடுங்கி, குப்பைத் தொட்டிக்குள் போட்டார். அவளுடைய சிநேகிதப் பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அவள் எங்கள் இருவரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தரிப்பிடத்தில் ஒரு குருவி இல்லை. தண்டவாளம் வெறுமையாகக் கிடந்தது. அறிவிப்புப் பலகையில் ஒரு சொல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரைக்.

முதல்நாள் முழுக்க வீட்டில் செய்தி ஓடியது. தமிழ்ச் செய்தி. சண்டையில் மூடிய ஏ-ஒன்பது பாதை இன்னும் திறக்கவில்லை, யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில்தான் சாமான் போகிறது என்றெல்லாம் எங்களுக்குத் தெரியும். முகமாலையில் பாதை எந்த இடத்தில் மூடியிருக்கிறது என்று கேட்டால் படம் கீறிக் காட்டுவோம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ட்ராம் நாளைக்கு ஓடாது என்பது தெரியாது.

"உனக்குத் தெரியுமா?" என்று பிருந்தாவைக் கேட்டேன்.

"ஓம். நேற்றுப் பள்ளிக்கூடத்திலை சொன்னவை."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள்தான் என்னோடை கதைக்கேல்லையே."

கதைக்காமல் விட்டது அவள். என்றாலும் அந்த இடத்தில் வழக்குப் பேச நேரமில்லை. டாக்சிக்கு அடித்தேன். ஒரு பாட்டுப் போட்டுவிட்டு, காத்திருங்கள் காத்திருங்கள் என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கார் வைத்திருக்கிற குமார் அண்ணைக்கு அடித்தேன். அவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறவர், எதற்கும் ஓடி வருகிறவர். "ஐயோ தங்கச்சி, நான் வேலையிலை நிக்கிறன். முந்தியே சொல்லியிருக்கக் கூடாதே?" என்றார். அவர் வேலை செய்கிற இடம் வேறு ஊரில். நகரசபைக்கு நடந்து போவதென்றால் மலைக்கு அந்தப் பக்கம். எட்டு மணிக்குப் போய்ச் சேர முடியாது.

இவர் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார், நாங்களும் பின்னால் போனோம். நிலவறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தன்னுடைய சைக்கிளையும் பிருந்தாவின் சைக்கிளையும் வெளியே கொண்டு வந்து நிறுத்தினார். முன்பாரில் கழுத்துத் துணியை மடித்துச் சுற்றினார்.

"ஏறும்" என்றார் என்னிடம்.

4

டபிள் போவது என்று ஊரில் சொல்வோமே, அது. யாழ்ப்பாணத்தில் அது ஒரு விஷயமே இல்லை. கல்யாணம் ஆன புதிதில் நான் பாரில் ஏறாத நாள் இல்லை. பெற்றோல் இல்லாத காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அப்படித்தான், சினிமாவுக்குப் போனதும் அப்படித்தான். ஆனால் அப்போது நான் ஐம்பது கிலோவுக்குக் குறைவு. இப்போது நல்ல கோட்டுப் போட்ட ஒரு பொம்பிளை, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பாரில் பக்கவாட்டாக.

"அப்பா, இது இஞ்சை verboten!" பிருந்தா அலறினாள். கூடாது என்பதற்கு அவளுக்குத் தமிழ் வாயில் வரவில்லை. "பெரிய ஆக்கள் ரெண்டு பேர் ஒரு சைக்கிளிலை போக ஏலாது. சட்டம் இருக்கு."

"கெதியா வா" என்றார் இவர். அவ்வளவுதான்.

பெரிய தெருவில் இருந்த கார்களைப் பார்க்க வேண்டும். ட்ராமில் போகிற அத்தனை பேரும் காரை எடுத்துவிட்டார்களோ என்று இருந்தது. ஒன்றும் அசையவில்லை. நாங்கள் மட்டும் சைக்கிள் பாதையில் ஊர்ந்து ஊர்ந்து அவர்களைக் கடந்து போனோம். நின்ற கார்களுக்குள் இருந்து எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை கண்ணாடியில் மூக்கை வைத்துக் கையசைத்தது. எனக்குக் கையை விட முடியாது. இவருக்கு மூச்சு வாங்கியது. என் உச்சந்தலையில் அந்த மூச்சு சுட்டது. பங்குனிக் குளிர், ஆனால் இவருக்கு வேர்த்துக் கொட்டியது. பிருந்தா எங்களுக்குப் பின்னால், வேண்டுமென்றே தூரம் விட்டு வந்தாள்.

மலைமேல் இருக்கிற பழைய கோட்டை தெரிகிற இடத்தில் ஒரு சந்தி வரும். அங்கே ஒரு பொலிஸ் வாகனம் ஓரமாக நின்றது. நெரிசலைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள் போல. எங்களை அவர்கள் பார்க்கவே இல்லை. திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிரேக் சத்தம் கேட்டது. "இறங்கும்" என்றார் இவர் மெதுவாக. நானும் ஏன் என்று கேட்கவில்லை. சட்டென்று இறங்கினேன். அவரும் இறங்கினார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உருட்டத் தொடங்கினார். நான் அவருக்குப் பின்னால், கையைத் தெரியும்படி வைத்துக்கொண்டு நடந்தேன். ஊரில் சென்றி, அதாவது ஆமியின் காவலரண், வந்தால் இறங்கி உருட்ட வேண்டும், தொப்பி இருக்கக் கூடாது, ஓடக் கூடாது, நிற்கவும் கூடாது. உடம்பு எல்லாவற்றையும் ஒழுங்காக ஞாபகம் வைத்திருந்தது.

ஒருவேளை சும்மா ஓடிப் போயிருந்தால் அவர்கள் கவனித்தே இருக்கமாட்டார்கள். பிரேக் சத்தத்துக்குத் திரும்பி, நாங்கள் இறங்கி உருட்டிய விதத்தைப் பார்த்துத்தான் ஒரு பொலிஸ்காரர் கிட்ட வந்தார். நரைத்த மீசை. கையை நீட்டி மறித்தார்.

5

பிருந்தா வந்து சேர்ந்தபோது அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவள்தான் மொழிபெயர்க்க வேண்டும். வேறு யார்?

"நீங்கள் இறங்கும்வரை நாங்கள் உங்களை மறிக்கவே இல்லை. எங்களைக் கண்டதும் ஏன் இறங்கினீர்கள்? சைக்கிள் யாருடையது?"

சைக்கிள் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் வாங்குகிறோம். விற்றவர் யாரென்று யாருக்குத் தெரியும்? அது களவுச் சைக்கிளாக இருந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. களவு என்றால் வழக்கு. வழக்கு என்றால் அனுமதி இல்லை. இத்தனை வருடக் காத்திருப்பு ஒரு பழைய சைக்கிளின் பாருக்குள் இருக்கிறது.

கூட இருந்த இளம் பொலிஸ்காரப் பெண் குனிந்து சைக்கிள் கம்பியில் பொறித்திருந்த இலக்கத்தைப் பார்த்து ரேடியோவில் சொன்னாள். பெரியவர் எங்கள் சிவப்புக் கோட்டுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்றைக்கு முடிகிறது" என்றார்.

"அதுக்குத்தான் போறம். எட்டு மணிக்கு டெர்மின்" என்று பிருந்தா இரண்டு மொழியையும் கலந்து சொன்னாள். பெரியவர் விடவில்லை. ஏன் இறங்கினீர்கள், ஏன் தொப்பியைக் கழற்றினீர்கள் என்று திரும்பவும் கேட்டார்.

"அப்பா, ஏன் எண்டு கேக்கிறார்."

"பழக்கம் எண்டு சொல்லு" என்றார் இவர், நிலத்தைப் பார்த்தபடி.

"இது என்ன பழக்கம் எண்டு கேக்கிறார்."

இவர் தொப்பியைக் கக்கத்தில் இன்னும் இறுக்கினார். எனக்குப் பொறுக்க முடியவில்லை. "அங்கை இறங்காட்டிச் சுடுவாங்கள் எண்டு சொல்லு பிள்ளை" என்றேன்.

பிருந்தா என்னைப் பார்த்தாள். நான் பகிடி விடுகிறேனா என்று பார்த்தாள். பிறகு ஜெர்மனில் சொன்னாள். சுடுவது என்ற சொல் வந்த இடத்தில் அவள் குரல் இறங்கிப் போனது. ரேடியோ இரைந்தது.

ரேடியோவில் பதில் வந்தது. களவு என்று பதிவு இல்லை. பெரியவர் தாளை மடித்து இவர் கையில் கொடுத்தார். ஒரு சைக்கிளில் ஒருவர்தான் போகவேண்டும் என்றார். பிறகு, "இங்கே சிவப்பு விளக்குக்கு நின்றால் போதும்" என்றார். கோபமாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எட்டு மணி ஆகிவிட்டது. சைக்கிள்களை உருட்டிக்கொண்டு அரை ஓட்டமாக நடந்தோம்.

"அப்பா, உண்மையாச் சுடுவாங்களா?" பிருந்தா கேட்டாள். நாங்கள் இருவரும் நடையைக் கூட்டினோம். அவள் விடவில்லை. "ஆரையும் சுட்டவங்களா?"

"என்ரை சிநேகிதனை" என்றார் இவர்.

நான் நின்றுவிட்டேன். கல்யாணம் முடித்து இவ்வளவு காலத்தில் நான் கேள்விப்படாத கதை அது.

நடந்தபடியே, மூச்சு வாங்கியபடியே சொன்னார். வழமைபோல அளந்துதான் சொன்னார். இரண்டு பேரும் டபிள் வந்தார்களாம். சிநேகிதன் ஓட்டினான். இவர் பின் கரியரில். சிநேகிதன் காதில் வோக்மேன். சென்றியில் நின்ற ஆமிக்காரன் கத்தினான். இவர் குதித்துவிட்டார். "இறங்கடா எண்டு கத்தினனான். அவனுக்குக் கேக்கேல்லை" என்றார்.

பிருந்தா தன் காதைத் தொட்டாள். தெரியாமல்தான் தொட்டிருப்பாள். பிறகு கையை எடுத்துச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். "இதை ஏன் அண்டைக்கு விசாரணையிலை சொல்லேல்லை? உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டுதானே மறுத்தவங்கள்?"

"முதல் வந்த ஆக்கள் சொல்ல வேண்டாம் எண்டவை. சுடுபட்டவனோடை நிண்டனான் எண்டா என்னையும் ஆயுத இயக்கத்திலை இருந்தவன் எண்டு எழுதிப்போடுவாங்கள் எண்டவை."

அப்படித்தான் எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தோம். எதைச் சொல்ல வேண்டுமோ அதை விழுங்கு, பொதுவாகச் சொல்லு என்று. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். எனக்கு ஆத்திரத்தின் மேல் பயம் ஏறியது. அதிகாரிகளை ஏமாற்றியிருக்கக் கூடாது என்பது புதுச் சட்டத்தில் இருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னவர் இன்றைக்கு நடந்தது என்று சொன்னால்?

"உள்ளுக்கை போய் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லப்படாது. ரெண்டு பேருக்கும்தான் சொல்லுறன்" என்றேன். இருவரும் தலையாட்டினார்கள்.

6

கடவுள் அன்றைக்கு எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம், அந்த அதிகாரியும் பிந்தி வந்ததுதான். நாங்கள் கதவைத் தட்டியபோது அவள் தன் சைக்கிள் ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுத் தலைமயிரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காற்சட்டைக் காலில் மாட்டிய கிளிப் இன்னும் கழற்றவில்லை. மேசையில் எங்கள் கோப்பு. தடித்த கோப்பு.

வேலைத் தாள்கள், வீட்டு வாடகைத் தாள், பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. பிறகு பேனையை எடுத்துக்கொண்டு இவரைப் பார்த்தாள். "இனி உங்களோடு கொஞ்சம் பேசவேண்டும். மகள் உதவக்கூடாது" என்றாள். பேச்சுச் சோதனை அதுதான் என்று எங்களுக்கு விளங்கியது. பரீட்சை மண்டபம், வினாத்தாள் ஒன்றும் இல்லை. இந்த மேசைதான்.

"இன்றைக்கு ட்ராம் இல்லையே. எப்படி வந்தீர்கள்?"

அவள் சும்மா கேட்டாள். தானும் சைக்கிளில் வந்த களைப்பில் கேட்டாள். உலகத்தில் கேட்க எத்தனையோ கேள்வி இருக்க அவளுக்கு அதுதான் வாயில் வந்தது.

"சைக்கிள்" என்றார் இவர். "மனைவி முன்னால். மகள் வேறு சைக்கிள்."

அதிகாரி சிரித்தாள். "ஒரே சைக்கிளில் இரண்டு பேரா? பொலிஸ் பிடிக்கவில்லையா?"

"பொலிஸ் நின்றது. நான் இறங்கினேன்."

"நிற்கச் சொன்னார்களா?"

"இல்லை. நானாக."

"ஏன்?"

மேசைக்கு அடியில் அவர் சப்பாத்தின் மேல் என் சப்பாத்தை வைத்து அழுத்தினேன். பழக்கம் என்று சொல்லுங்கோ என்று மனதுக்குள் கத்தினேன். அந்தச் சொல்லை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. அது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சந்தியில் அதைச் சொன்னது பிருந்தா. அவர் மகளைப் பார்த்தார். பிருந்தா உதவ முடியாமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அவர் சொன்னார்.

"என் நாடு. நண்பன் சைக்கிள் ஓட்டினான். நான் பின்னால். இராணுவம் நில் என்றது. நான் இறங்கினேன். நண்பன் காதில் பாட்டு. அவன் இறங்கவில்லை. சுட்டார்கள். நண்பன் செத்தான்."

கொஞ்சம் நிறுத்தினார். "அதனால் நான் எப்போதும் இறங்குவேன்" என்றார்.

அதிகாரியின் பேனை நின்றுவிட்டது. கோப்பைப் பின்னுக்குப் பின்னுக்குப் புரட்டினாள். பழுத்துப்போன தாள்கள் வரை போனாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இனி இந்தக் கதிரையில் இருந்து எழும்பி எங்கே போவது, பிள்ளைக்கு என்ன சொல்வது என்று மனம் எங்கேயோ ஓடியது.

"இது இதற்குள் இல்லை" என்றாள்.

"இல்லை" என்றார் இவர்.

"அப்போது ஏன் சொல்லவில்லை?"

"பயம்."

அவள் இவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், பிருந்தாவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே நடைபாதையில் பிந்தி வந்த ஆட்கள் சேர்ந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவள் பழைய தாள்களை மூடினாள். முன்னால் இருந்த படிவத்தில் ஒரு பெட்டிக்குள் சரி போட்டாள்.

"உங்கள் ஜெர்மன் போதும்" என்றாள்.

அனுமதி கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததுதான். ஆனால் அந்தக் கதைக்காக இந்த நாடு அன்றைக்கே எங்களை ஏற்றிருக்கலாம். இத்தனை வருடம் சிவப்புக் கோட்டைத் தூக்கித் திரிந்திருக்க வேண்டியதில்லை. என் பிள்ளை இங்கிலாந்துக்குப் போயிருப்பாள். கடைசியில் அந்தப் பெடியன் செத்த கதைக்கு இவருக்குக் கிடைத்தது பேச்சுச் சோதனையில் ஒரு சரி.

நடைபாதையில் இருந்த வாங்கில் இவர் உட்கார்ந்தார். கையில் இன்னும் தொப்பி. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தோம். பிருந்தா இடம் தள்ளி இருக்கவில்லை.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம், என்ன?" என்று என்னைக் கேட்டார்.

நான் அவர் கையில் இருந்த தொப்பியை வாங்கி என் மடியில் வைத்தேன்.

"இண்டைக்குச் சொல்லிப்போட்டீங்கள்தானே அப்பா" என்றாள் பிருந்தா. "நானும் பக்கத்திலை இருந்து கேட்டனான்."